கோராவின் கல்யாணத்துக்குப் பிடித்து வைத்த புல்வெளி

செப்டம்பர் 8, ஞாயிறு பிற்பகல்
மண் சாலை முடியும் இடம், சாடூத் மலைகளுக்கு எதிரே, ஐடஹோ

அன்புள்ள தங்கை ஆர்லீனுக்கு,

அண்ணன் வெண்டல் எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பாய்சியில் இன்னும் வெயில் குறையவில்லை என்று கேள்விப்பட்டேன். தக்காளிச் செடிகளுக்குச் சாயங்காலம் மட்டும் தண்ணீர் விடு. இங்கே காலையில் வாளித் தண்ணீர் மேல் கண்ணாடி போல ஒரு படலம் கட்டுகிறது. மற்றபடி குறை ஒன்றும் இல்லை. இந்த வரியை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படி.

நகரத்துக்குப் போய் உனக்கு ஃபோன் செய்திருக்கலாம். ஆனால் ஃபோனில் நான் மூன்றாவது வாக்கியம் சொல்வதற்குள் நீ "ஐயோ, என்ன பண்ணித் தொலைச்சே?" என்பாய். அதற்குப் பிறகு எனக்கு வரிசையாகச் சொல்ல வராது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. தவிர, நான் இந்த இடத்தை விட்டு அரை நாள் நகர்ந்தால் வேறு யாராவது வந்து வண்டியை நிறுத்திவிடுவார்கள் என்ற பயமும் இருந்தது. அந்தப் பயத்துக்கு இப்போது பொருள் இல்லை. ஏன் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

உன் மகள் கோரா என்னிடம் கேட்டது இரண்டே. கல்யாணத்தை நான் நடத்திவைக்க வேண்டும். அதற்கான சான்றிதழைக் கணினி வழியாகப் பத்து நிமிடத்தில் வாங்கிவிட்டேன், முப்பத்து நான்கு ஆண்டு எட்டாம் வகுப்புக்கு அறிவியல் சொல்லிக் கொடுத்ததற்கு இவ்வளவு மரியாதையான தாள் எனக்கு யாரும் தந்ததில்லை. இரண்டாவது, இந்தப் புல்வெளியைச் சனிக்கிழமை காலை அவளுக்கு ஆளில்லாமல் வைத்துத் தர வேண்டும். "மாமா, நாம பத்துப் பேர் மட்டும். வேற ஒரு ஈ காக்கா இருக்கக் கூடாது. லெவியால அந்நிய ஆளுங்க முன்னாடி வாயத் திறக்க முடியாது. மலை முன்னாடின்னா சொல்லிடுவேங்கறான்" என்றாள். லெவியைப் பற்றி உனக்குத் தெரியும். காட்டுத் தீ அணைக்கும் படையில் எரிகிற மலைச்சரிவில் இறங்கி வேலை செய்கிற பையன், சாப்பாட்டுக் கடையில் தனக்கு வேண்டியதைக் கேட்க வார்த்தை சிக்கும் என்பதற்காகப் பரிமாறுகிற பெண் எதைக் கொண்டுவந்து வைக்கிறாளோ அதைத் தின்றுவிட்டு வருகிறவன். போன வருஷம் முழுக்க அப்படி அவன் வெங்காயம் தின்றிருக்கிறான். அவனுக்கு வெங்காயம் பிடிக்காது. கல்யாணத்தில் தன் உறுதிமொழியை மட்டும் வேறு யாரும் சொல்லித் தராமல் தன் வாயால் சொல்ல வேண்டும் என்பது அவன் ஆசை. ஆகவே இந்தப் புல்வெளி ஆளில்லாமல் இருப்பது எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை, ஆர்லீன்.

இது அரசாங்கக் காட்டு நிலம், இடத்தை முன்பதிவு செய்ய முடியாது. கட்டணமும் கிடையாது, வாசல் கதவும் கிடையாது, குழாயும் கிடையாது. யார் முதலில் வருகிறாரோ அவருக்கு, பதினான்கு நாள். அதனால் நான் விடுமுறைக் கூட்டத்துக்கு முந்திக்கொண்டு ஆகஸ்ட் முப்பதாம் தேதி வெள்ளிக்கிழமையே வந்து, என் வீட்டு டிரெய்லரைப் பைன் மர ஓரமாக நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அன்று மாலையே ரேஞ்சர் வந்தாள். மைட்டே என்று பெயர். தாத்தா காலத்தில் ஸ்பெயினிலிருந்து ஆடு மேய்க்க வந்த பாஸ்க் குடும்பம். என் வண்டி எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"சார், இன்னிக்கு முதல் ராத்திரி. பதினாலு ராத்திரி முடிஞ்சதும் கிளம்பிடணும், சரிங்களா?"

"தெரியும்மா. கல்யாணம் பதினாலாம் தேதி. கணக்கு கச்சிதமா இருக்கும்" என்றேன்.

கரும்பலகை முன் தப்பாகப் போட்டுவிட்டுச் சிரிக்கிற மாணவனை நான் எப்படிப் பார்ப்பேனோ அப்படி அவள் என்னைப் பார்த்தாள். "சார், இன்னிக்குத் தேதி முப்பது. ஆகஸ்ட்."

"ஆமாம்."

"ஆகஸ்ட் ராத்திரியும் ராத்திரிதானே சார்?"

ஓர் எடுத்துக்காட்டுச் சொன்னால் உனக்கு விளங்கும். பதினான்கு முட்டை பிடிக்கிற கூடையில் ஒருவன் ஏற்கெனவே இரண்டு முட்டை போட்டுவிட்டு, "இன்னும் பதினான்கு வாங்கு" என்று மனைவியைக் கடைக்கு அனுப்புகிறான். அந்த ஆள் நான். என் கெடு பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை காலையோடு முடிகிறது, கல்யாணத்துக்குச் சரியாக ஒரு நாள் முன்னால். பகலில் விருந்தாளியாக வரலாம், கல்யாணம் நடத்தலாம், தூங்கத்தான் கூடாது என்றாள். "நாற்காலியை விட்டுட்டுப் போனா?" என்று கேட்டேன். "நாற்காலி தூங்குமா சார்? தூங்குற ஆளு இருந்தாத்தான் இடம். ஆளில்லாத சாமான் குப்பைக் கணக்கு, நானே தூக்கி வண்டியில போட்டுக்குவேன்" என்றாள். நல்ல பெண். கோபமே படாமல் மறுக்கத் தெரிந்தவள், என்னிடம் படித்திருக்கலாம்.

ஆக, வெள்ளிக்கிழமை இரவு இங்கே தூங்க எனக்கு ஒரு மாற்று ஆள் தேவைப்பட்டது. தொடர் ஓட்டத்தில் கட்டையைக் கைமாற்றுவார்களே, அது போல. மூன்றாம் தேதி ஓரின் என்கிற பெரியவரும் அவர் மனைவி பெவும் ஒரு நீண்ட டிரெய்லரோடு வந்தார்கள். இந்த ஊர் மரியாதை உனக்குத் தெரியாததல்ல: ஒருவர் இருமினால் மற்றவர் காதில் விழுகிற தூரத்தில் வண்டி நிறுத்தக் கூடாது. என்னைப் பார்த்ததும் அவர்களும் மரியாதையாகத் திரும்பிப் போகப் பார்த்தார்கள். நானே ஓடிப்போய் நிறுத்தினேன். கல்யாணக் கதையைச் சொன்னதும் பெவ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெண்டல், கவலையே படாதீங்க. நாங்க பதினேழாம் தேதி வரைக்கும் இருக்கோம். வெள்ளி ராத்திரி இங்க தூங்குறது எங்க பொறுப்பு. சனிக்கிழமை காலைல டிரெய்லர மரத்துக்கு அந்தப் பக்கம் இழுத்துடுறோம்" என்றாள். ஓரின், "என்ன சொல்றாரு?" என்றார். அவருக்குக் காது மந்தம். "கல்யாணம்!" என்று பெவ் கத்தினாள். "யாருக்கு? இவருக்கா? இந்த வயசுலயா?" என்று அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கைகுலுக்கி வாழ்த்தினார்.

இந்த இடத்திலேயே நான் சும்மா இருந்திருந்தால் இந்தக் கடிதம் இத்துடன் முடிந்திருக்கும். ஆனால் இனி வேறு யாரும் வந்துவிடக் கூடாதே என்று, புல்வெளிக்குள் திரும்புகிற தடத்தில் குறுக்காக ஒரு வரிசை கல் வைத்தேன். எல்லை தெரியட்டும் என்று கூர்மையான கற்களாகப் பொறுக்கி வைத்தேன். ஐந்தாம் தேதி மத்தியானம் ஒரு பெரிய வேன் தூசி கிளப்பிக்கொண்டு மேலே வந்தது. இடம் இல்லை, திரும்பிப் போங்கள் என்று சொல்ல, நான் தடத்தின் நடுவில் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் வீசினேன். இந்த மலைப்பக்கத்தில் வயதான மனிதன் ஒருவன் நடுச் சாலையில் நின்று இரண்டு கையையும் வீசினால் என்ன பொருள், ஆர்லீன்? உனக்கே தெரியும். அந்த வேன் வேகம் எடுத்தது. என்னைக் காப்பாற்ற வேண்டும் என்ற அவசரத்தில் என் கல் வரிசை மேலேயே ஏறி, முன் சக்கரம் இரண்டும் பஞ்சராகி நின்றது. கதவு திறந்து ஒரு தகப்பன், ஒரு தாய், ஆறு குழந்தைகள், ஒரு முதலுதவிப் பெட்டி, பேட்டரிக்குக் கொடுக்கிற கம்பி எல்லாம் வெளியே குதித்தன. யோர்கன்சன் குடும்பம், ரெக்ஸ்பர்க் ஊர். "ஐயா, எங்க வலிக்குது? உட்காருங்க, பேசாதீங்க!" என்று அந்த அம்மாள் என்னைத் தரையில் உட்காரவைத்து மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல எனக்கு இரண்டு நிமிடம் பிடித்தது. அதற்குள் மூன்றாவது குழந்தை என் வாயில் ஒரு மிட்டாயை வைத்துவிட்டது.

கல்லை யார் வைத்தது என்று தகப்பன் கேட்டார். நான் வைத்தேன் என்றேன். பொய் சொல்லக் கூடாது என்று எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த அளவு டயர் பாய்சியிலிருந்து வர ஒரு வாரம் ஆகும் என்று தெரிந்தது. என்னால் நொண்டியாகிப் போன வண்டியை நான் எந்த வாயால் போகச் சொல்வது? அவர்கள் தங்கினார்கள். இரவுச் சாப்பாடு எனக்கும் அவர்களே கொடுத்தார்கள்: இழவு வீட்டுக்குக் கொண்டுபோவோமே, பாலாடைக்கட்டி போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு, அது. "கல்யாணத்துக்கும் இதே செஞ்சுடறேன், ருசி ஒண்ணுதான்" என்றாள் அந்த அம்மாள்.

அடுத்த நாள் பெவ் துணி துவைக்கவும் தண்ணீர் பிடிக்கவும் நகரத்துக்குப் போனாள். தண்ணீர் குழாயடியில் வரிசையில் நின்றவர்களிடம், புல்வெளிப் பக்கம் யாரும் வந்துவிடாதீர்கள், அங்கே ஒரு கல்யாணம் இருக்கிறது என்று எச்சரித்திருக்கிறாள். அவள் எச்சரித்த விதத்தை நான் கேட்கவில்லை. ஆனால் எச்சரிக்கப்பட்டவர்கள் மறுநாள் காலை ஒவ்வொருவராகக் கேக்கோடு வந்து சேர்ந்தார்கள். வருகிறவர்களைத் திருப்பி அனுப்பத் தடத்தின் முனையில் ஓரினை உட்காரவைத்தேன். "என்ன சொல்லணும்?" என்றார். "கல்யாணம் இருக்கு, உள்ள விட முடியாதுன்னு சொல்லுங்க" என்று காதருகே கத்தினேன். பாதி அவர் காதில் விழுந்தது. நான் தூரத்திலிருந்து பார்த்தபோது அவர் ஒவ்வொரு வண்டியையும் நிறுத்தி, "கல்யாணம் இருக்கு, உள்ள விடுங்க!" என்று யாருக்கோ உத்தரவு போட்டுவிட்டு, வண்டிக்காரரின் தோளைத் தட்டி அனுப்பிக்கொண்டிருந்தார்.

இப்படித்தான் குளோயிடும் வந்தார். பாதி வயது சுமைக் கழுதைகளோடும் பாதி வயது முகாம் சமையல் அடுப்போடும் கழித்த மனிதர். அவருடைய கோவேறு கழுதைகள் இரண்டும் இப்போது என் டிரெய்லர் ஜன்னலுக்கு நேரே நிற்கின்றன. மணமக்கள் நிற்பதற்கு மான் கொம்புகளை வைத்து ஒரு வளைவு கட்டிக்கொண்டிருக்கிறார். "வேண்டாங்க, ரொம்ப எளிமையான கல்யாணம்" என்றேன். "கொம்பைவிட எளிமை என்ன இருக்கு? மான் சும்மா உதிர்த்துட்டுப் போனது" என்றார். இன்று காலை நான் காலைக்கடன் கழிக்கக் குழி தோண்டும் சின்ன மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மரங்களுக்குள் நடந்தேன். மண்வெட்டியோடு போகிறவரிடம் யாரும் பேசமாட்டார்கள், பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்பது இங்கே எழுதாத சட்டம். குளோயிட் கூடவே வந்து, கேக்கை எந்தப் பக்கம் வைப்பது என்று கேட்டார்.

இப்போது எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறேன். வண்டி பதினொன்று. ஆட்கள், என்னையும் சேர்த்து, முப்பத்தொன்று. நாய் ஏழு. கோவேறு கழுதை இரண்டு. கேக் எட்டு, அதில் மூன்று ஹக்கிள்பெர்ரி என்கிற காட்டுப் பழம் போட்டது, ஒன்றை நான் ருசி பார்த்துவிட்டேன். அக்கார்டியன் ஒன்று. எல்லாரும் அவ்வளவு நல்லவர்கள், ஆர்லீன். அதுதான் சங்கடமே. ஒருவராவது குப்பை போட்டிருந்தால், ஒருவராவது சத்தமாகப் பாட்டு வைத்திருந்தால், நான் ஆசிரியர் குரலை எடுத்திருப்பேன். நேற்று மைட்டே வந்தாள். இவர்களைப் போகச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். நோட்டைப் புரட்டினாள். "எல்லாருக்கும் நாள் பாக்கி இருக்கு சார். இடம் எல்லாருக்கும் சொந்தம். சட்டப்படி இங்கிருந்து முதல்ல போக வேண்டிய ஆளு நீங்கதான்" என்றாள்.

நேற்று முழுக்க யோசித்தேன். இவர்களிடம் லெவியின் விஷயத்தைச் சொல்லி எழுந்து போகச் சொல்லலாம், போய்விடுவார்கள். ஆனால் அவன் யாரிடமும் சொல்லாமல் காப்பாற்றி வைத்திருக்கிற ஒன்றை, முன்பின் தெரியாத முப்பது பேரிடம் அவன் சார்பில் அவிழ்த்து வைக்க எனக்கு உரிமை இல்லை. வேறு இடம் தேடலாம் என்றால், மலை முழுசாகத் தெரிகிற இடம் இந்தச் சாலையில் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் மரத்தின் முதுகு. ஆகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். கல்யாணத்தை உன் வீட்டுப் பின்கட்டிலேயே வைத்துக்கொள்வோம். வேலி உயரமானது. பக்கத்து வீட்டுக்காரர் சனிக்கிழமை மீன் பிடிக்கப் போய்விடுவார். மலை இருக்காது; ஆனால் அவன் வார்த்தையைச் சொல்லி முடிப்பான், அதுதான் முக்கியம். விருந்தாளிகள் எல்லாருக்கும் நீ தகவல் சொல்லிவிடு. கேக்குக்கு ஏற்பாடு வேண்டாம், இங்கிருந்து ஏழு கொண்டுவருகிறேன். கோராவிடமும் நீதான் சொல்ல வேண்டும். மாமா சொதப்பிவிட்டார் என்றே சொல், மழுப்பாதே. அவள் அழுதால் நான் வெள்ளிக்கிழமையே வந்து நேரில் திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

முழங்காலுக்குச் சூடு ஒத்தடம் கொடு. மணமக்கள் நோய்நொடி இல்லாமல், ஒருவர் பேச்சை மற்றவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, நெடுங்காலம் வாழட்டும். உனக்கும் வீட்டில் எல்லாருக்கும் என் அன்பு. கழுதை இரண்டும் கூட நலம்.

என்றும் உன் அன்புள்ள அண்ணன்,
வெண்டல்

பின்குறிப்பு: திங்கட்கிழமை காலை. மேலே எழுதியதில் முழங்கால் ஒத்தடத்தைத் தவிர மற்றதை எல்லாம் அடித்துவிடு. யாருக்கும் தகவல் சொல்லாதே. கோராவிடம் வாயைத் திறக்காதே.

நேற்று சாயங்காலம் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். லெவி வந்தான். வேலை முடிந்து போகிற வழியில் இடத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று, டிரக்கைக் கீழேயே நிறுத்திவிட்டு நடந்து வந்திருக்கிறான். சூரியன் மலைப் பற்களுக்குப் பின்னால் இறங்குகிற நேரம். அந்த நேரத்தில் இங்கே ஒருவரும் ஒருவரோடும் பேசுவதில்லை. எல்லா நாற்காலியும் மேற்கு பார்த்திருந்தன, முப்பது முதுகு. நான் ஓடிப்போய் அவனைத் தடுப்பதற்குள் அவன் அந்த முதுகுகளுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டான். கொம்பு வளைவைப் பார்த்தான். முதுகுகளைப் பார்த்தான். மலையைப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தான்.

உறுதிமொழியை வாய்விட்டே படித்தான், ஆர்லீன். நான்கு இடத்தில் சிக்கியது. கோரா என்கிற பெயரில்தான் ரொம்ப நேரம் சிக்கியது. அவன் குரல் எல்லார் காதிலும் விழுந்தது, எனக்குத் தெரியும். குளோயிட் வாய்க்குக் கொண்டுபோன காப்பிக் கோப்பை அந்தரத்தில் அப்படியே நின்றது. யோர்கன்சன் வீட்டுக் கடைக்குட்டி திரும்பிப் பார்க்கப் போனது. தாய் அதன் தலையைப் பிடித்து மெதுவாக மலைப் பக்கமே வைத்தாள். ஒருவரும் திரும்பவில்லை. பாதியில் ஓரின் மட்டும் ஊருக்கே கேட்கிற மாதிரி, "முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல. பேசாம மலையப் பாருங்க" என்றாள் பெவ்.

லெவி சிரித்துவிட்டான். விட்ட இடத்திலிருந்து எடுத்து, கடைசி வரி வரை போனான். பிறகு தாளை மடித்துக்கொண்டு என்னிடம் வந்தான். கேட்பதற்கு முன்பே நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன்.

"இருக்கட்டும் சார். எ... எல்லாரும் இருக்கட்டும். இதே மாதிரி உ... உட்காரணும், அவ்வளவுதான். கோராகிட்ட நானே சொல்லிக்கறேன்."

"நம்ம வீட்டு ஆளுங்களும் மலையப் பாத்துத்தானா?"

"எல்லாரும்தான்" என்று டிரக்கை நோக்கி இறங்கியவன், பாதி வழியில் நின்று திரும்பி என்னைப் பார்த்துக் கத்தினான். ஒரு சிக்கலும் இல்லாமல் வந்தது.

"ஆர்லீன் அம்மா மட்டும் திரும்பிப் பாக்கலாம்னு சொல்லுங்க சார்!"